படமில்லாத பயணநூல்

1777 மார்ச்சில் லண்டனில் இரண்டு கனத்த தொகுதிகளாக ஒரு பயணநூல் வெளிவந்தது. எழுதிய கியோர்க் ஃபோர்ஸ்டருக்கு அப்போது வயது 22. கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில், இயற்கை ஆய்வாளரான தந்தைக்கு உதவியாக 17 வயதில் 'ரெசல்யூஷன்' கப்பலேறியவர் அவர். 1772 முதல் 1775 வரை தாஹிட்டி, ஈஸ்டர் தீவு, தென்கோடிப் பனிக்கடல் என்று சுற்றி, கண்ட செடிகளையும் பறவைகளையும் வரைந்து குவித்தார்.

ஆனால் அந்த நூலில் ஓவியங்கள் கிடையாது. மடித்து வைத்த கடல்வரைபடம் ஒன்றுதான் உண்டு.

பழைய நூல்களைத் தேடுவோரை இந்த வெறுமையே ஈர்க்கிறது. பயணக் கதையை யார் எழுதுவது என்று தந்தைக்கும் கடற்படை நிர்வாகத்துக்கும் மூண்ட சண்டையின் தடயம் இது. தந்தைக்குத் தடை விழுந்தது. அரசு செதுக்குவித்த செப்புத்தகட்டுப் படங்களும் கிடைக்கவில்லை. கடன் நெருக்கியதில், மகன் வரைந்தவற்றைத் தந்தை 1776இலேயே இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸிடம் விற்றுவிட்டார். தடை தந்தைக்குத்தானே என்று மகன் எழுத உட்கார்ந்தார். அதே பயணத்தைப் பற்றிய குக்கின் நூலுக்குச் சில வாரங்கள் முந்திக்கொண்டார். இருந்தும் படங்கள் நிறைந்த குக்கின் நூலே விற்றது. தீவு மக்களைச் சிந்திக்கும் மனிதர்களாகப் பார்த்த நூல் பின்தங்கியது பெரிய அநியாயம்.

ஜெர்மன் பதிப்பு 1778–80இல் பெர்லினில் வந்தது. அவருடைய கட்டுரைகளைத் தேடுவது இன்னும் கடினம். நம் ஊர் ஈரப்பலாவின் பசிபிக் கதையை 1784இல் எழுதினார். குக்கைப் பற்றிய புகழ்பெற்ற நீள்கட்டுரையோ, குக்கின் மூன்றாம் பயணத்தை அவரே ஜெர்மனில் பெயர்த்த நூலுக்கு முன்னுரையாக 1787இல் வந்தது. தலைப்பை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார். சிறு கட்டுரைகளின் தொகுப்பு 1789 முதல் 1797 வரை 6 பாகங்களாக வெளியானது. பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் நின்ற ஃபோர்ஸ்டர் 1794இல் பாரிஸில் இறந்ததால், கடைசிப் பாகங்களை அவர் பார்க்கவில்லை.

அக்காலத்தில் வாங்கியவர்களே விருப்பப்படி அட்டை கட்டிக்கொண்டார்கள். அதனால் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருப்பது அரிது. அனுபவமுள்ளவர்கள் அட்டையின் பகட்டில் மயங்குவதில்லை. முதலில் வரைபடம் கிழியாமல் இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு மடிப்புத் தாளின் அடியிலுள்ள எழுத்துக்குறிகளை வரிசையாகச் சரிபார்ப்பார்கள். நூலக முத்திரை தென்பட்டால், அந்த நூலகம் முறைப்படி விலக்கிய பிரதிதானா என்று உறுதிசெய்துகொண்டுதான் விலை பேசுவார்கள்.