கொம்பில்லாத நாரை

காஞ்சிப் பட்டின் கரையில் அன்னம் உண்டு, மயில் உண்டு, உலகத்திலேயே இல்லாத யாளியும் உண்டு. மூஸ் மட்டும் கிடையாது. மான் குலத்தில் மிகப் பெரியது மூஸ். அலாஸ்காவில் நன்கு வளர்ந்த ஆண் ஒன்று 600 கிலோவைத் தாண்டும். அதன் தோளே நம் தலைக்கு மேல் இருக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு அதை வேட்டையாடும் ஆசை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். துப்பாக்கிக்கு முன்பே அவர் அளவுகோலைப் பழக வேண்டும். வெளிநாட்டவர் என்பதால் உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வந்தாக வேண்டும். அலாஸ்காவின் பல பகுதிகளில், வெளியார் சுடும் மூஸின் கொம்பு முனைக்கு முனை 50 அங்குலமாவது விரிந்திருக்க வேண்டும். இல்லையேல் நெற்றிப் பக்கத்துக் கிளைகள் சொன்ன எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இறைச்சியைக் காட்டிலேயே போட்டுவிட்டுக் கொம்போடு ஊர் திரும்பவும் முடியாது, அது குற்றம்.

கொம்பில் அப்படி என்ன கணக்கு? மூஸின் கொம்பு மாட்டுக் கொம்பைப் போன்றதல்ல. அது எலும்பு. வசந்தத்தில் முளைத்து, கோடை முழுக்க வளர்ந்து, குளிர்காலத்தில் விழுந்துவிடும். மறு ஆண்டு முதலிலிருந்து தொடங்கும். பெண்ணுக்குக் கொம்பே இல்லை. ஆண் மூஸ் தன் குட்டியை வளர்ப்பதுமில்லை. இணைசேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது. ஆகவே, முதிர்ந்த ஆண் ஒன்று குறைந்தால் எந்தக் குட்டியும் அநாதையாகாது. எதைச் சுடலாம் என்பதை அந்தப் பிராணி தன் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறது எனலாம்.

நம் பக்கம் இந்தக் கணக்கு எடுபடாமல் போன இடம், காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் வேடந்தாங்கல். 2019 வரை அது காஞ்சிபுரம் மாவட்டம்தான், இப்போது செங்கல்பட்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். வரதராஜப் பெருமாளுக்கு நகை கொடுத்தவர் என்று காஞ்சியிலும், ஏரி காத்த ராமர் கதையில் மதுராந்தகத்திலும் இன்றும் பேசப்படும் அதே ஆள். 1798 வாக்கில், பறவைகளைத் தொடக்கூடாது என்ற உத்தரவு ஊருக்குக் கிடைத்தது. 1858இல் அது மீண்டும் உறுதியானது.

அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எதைச் சுடலாம் என்று சொல்லக் கொம்பு இல்லை. இரண்டும் சேர்ந்தே கூடு கட்டும், மாறி மாறி அடைகாக்கும், மாறி மாறி இரை கொண்டுவரும். ஒன்று கூட்டில் நிற்காவிட்டால் காகமோ பருந்தோ முட்டையைக் கொண்டுபோய்விடும். அவை வராவிட்டாலும் வெயில் விடாது. ஒரு குண்டு ஒரு பறவையோடு நிற்பதில்லை. வெடிச் சத்தத்தில் மொத்த மரமும் காலியாகிவிடும். ஏரியில் நிற்பவை நீர்க்கடம்பு மரங்கள். மாதக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றாலும் அழுகாதவை. பூனையும் நரியும் நீந்தி வராது என்ற நம்பிக்கையில்தான் பறவைகள் அங்கே நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. துப்பாக்கிக்கு நீந்த வேண்டியதில்லையே.

ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போனதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. அவர்களுக்கு வயல் இருந்தது. நாம் கழிக்கும் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் கரைந்து போகிறது. பறவை அதை யூரிக் அமிலமாக்கி, நீர் அதிகம் செலவழிக்காமல், வெள்ளைக் குழம்பாகப் போடுகிறது. ஏரியில் விழுந்த எச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துப் பயிர் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றுகின்றன; பாஸ்பரஸும் கூடவே வருகிறது. மதகு திறந்தால் தண்ணீரோடு உரமும் வயலுக்குப் பாய்கிறது. நாரைகள் சுற்றுவட்டார வயல்களிலும் குட்டைகளிலும் நத்தையும் மீனும் பொறுக்குகின்றன. பல ஊரில் தின்று ஓர் ஊர் ஏரியில் கழிக்கின்றன. யூரியா மூட்டை என்ற சொல்லே பிறக்காத காலத்தில், இதை விளைச்சலைப் பார்த்தே கண்டுபிடித்த உழவர்களை நான் விஞ்ஞானிகள் என்றே சொல்வேன்.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த ஏரியில் வேட்டைப் பேச்சே இல்லை. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு திருத்தம். வேடந்தாங்கலுக்கு வண்டி ஏறும் குடும்பங்கள் “வெளிநாட்டுப் பறவை பார்க்கப் போகிறோம்” என்றே கிளம்புகின்றன. மரம் நிறையக் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் இந்த நாட்டுப் பறவைகள்தான். மழையும் இரையும் பார்த்து இடம் மாறுபவை. இமயத்துக்கு வடக்கேயிருந்து உண்மையாகவே பறந்து வருபவை ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும். அவை இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. குளிர்காலம் முழுக்க ஓரமாக மேய்ந்துவிட்டு, நமக்கு வெயில் ஏறத் தொடங்கும்போது சத்தமில்லாமல் வடக்கே கிளம்பிவிடும்.