கைப்பைக்குள் ரிவால்வர்: எடை தெரியும், விசை தெரியாது

புதுதில்லி: 2024 அக்டோபர் 1-ஆம் தேதி அதிகாலை. கொல்கத்தா செல்லும் விமானத்தைப் பிடிப்பதற்காக மும்பையில் உள்ள தமது வீட்டிலிருந்து புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்தார் இந்தி நடிகரும் முன்னாள் மக்களவை உறுப்பினருமான கோவிந்தா. உரிமம் பெற்ற தமது ரிவால்வரை உள்ளே எடுத்து வைக்கும்போது அது கைநழுவி வெடித்தது என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. குண்டு காலில் பாய்ந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் நலம் பெற்றார். இரண்டு நாள் பரபரப்புக்குப் பிறகு செய்தியும் அடங்கிவிட்டது.

அடங்காமல் நிற்க வேண்டியது ஒரு கேள்வி. தற்காப்புக்கென்று ஒருவர் வாங்கி வைக்கும் சிறு துப்பாக்கி, அவர் சுட நினைக்காதபோது சுடாமல் இருக்குமா? சுட நினைக்கும்போது நினைத்த இடத்தில் சுடுமா? இரண்டுக்கும் விடை பெருமளவு ஒரே உறுப்பில் அடங்கியிருக்கிறது. அது விரலால் இழுக்கப்படும் விசை. தமிழில் அதைக் 'குதிரை' என்று சொல்லும் வழக்கு உண்டு. இந்தியிலும் அதற்குக் குதிரை என்றே பெயர். அடங்கி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமலும், ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமலும் சண்டித்தனம் செய்யக்கூடியது என்பதால் இரு மொழியினருக்கும் ஒரே உவமை தோன்றியிருக்குமோ என்னவோ.

நம் நாட்டில் கைத்துப்பாக்கி பற்றிய பேச்சில் விசைக்கு இடமே இருந்ததில்லை. 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்னும் ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. பெண்களுக்கான இந்தியாவின் முதல் துப்பாக்கி என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. டைட்டானியக் கலவையால் ஆனது. எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற அழகிய உறை. மணிப்பூரைச் சேர்ந்த ஆயுத எதிர்ப்பு இயக்கத் தலைவர் பீனாலட்சுமி நேப்ரம் போன்றோர் அதைக் கடுமையாகக் கண்டித்தனர். பெண்ணின் பாதுகாப்பை அவள் கையில் ஓர் ஆயுதத்தைத் திணித்து அரசு கைகழுவுகிறது என்பது கண்டித்தோரின் வாதம். ஆதரித்தவர்கள் எடையைப் பேசினர். எதிர்த்தவர்கள் விலையைப் பேசினர். அந்த விசையை இழுக்க எத்தனை கிலோ பலம் வேண்டும் என்று கேட்டவர்கள் அரிது.

ரிவால்வரின் விசை ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்கிறது. தோட்டா உருளையைச் சுழற்றி அடுத்த தோட்டாவைக் குழாய்க்கு நேராகக் கொண்டு நிறுத்துகிறது. சுருள்வில்லை அழுத்திச் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடைசியில் சுத்தியலை விடுவிக்கிறது. இவ்வளவையும் ஒரு விரல் செய்ய வேண்டியிருப்பதால் இவ்வகை இழுப்பின் கனம் பொதுவாக ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். கட்டைவிரலால் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து நிறுத்திவிட்டால், பிறகு சுடுவதற்கு இரண்டு கிலோ அளவே போதும். ஆனால் அவ்வாறு நிறுத்திய ரிவால்வர், நடுங்கும் கையில் மிகவும் ஆபத்தானது.

துப்பாக்கி சிறிதாகச் சிறிதாக விசையின் சிக்கல் பெரிதாகிறது. சிறிய சுத்தியலுக்கு எடை குறைவு; ஓடும் தூரமும் குறைவு. தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டியைத் தவறாமல் பற்றவைக்கும் அளவுக்கு அது ஓங்கி அடிக்க வேண்டுமானால் சுருள்வில் வலுவாக இருந்தாக வேண்டும். வில் வலுத்தால் விசை கனக்கும். அரைக் கிலோ எடையுள்ள கருவியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போலப் பத்து மடங்கு பலத்தை ஒரே விரலால் செலுத்த வேண்டும் என்பதைக் கற்பனை செய்தால் போதும். விரல் இழுக்கிறது, கருவியும் சேர்ந்து திரும்புகிறது.

திரும்பினால் என்ன ஆகும்? முன், பின் குறிமுனைகளுக்கு இடையே 10 செ.மீ. தூரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இழுப்பின் கடைசிக் கணத்தில் முன்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். விலகல் மூன்று மில்லிமீட்டரானால் ஓர் அடி. எதிரே நிற்பவரைத் தவறவிட அதுவே போதும். அவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பது வேறு கேள்வி.

அப்படியானால் விசையை இலகுவாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்குதான் முதல் கேள்வி குறுக்கே வருகிறது. கைப்பையிலும் இடுப்பிலும் கிடக்கும் துப்பாக்கியில் சாவிக்கொத்தோ துணி மடிப்போ விசையில் சிக்குவது உண்டு. குழந்தையின் கை படுவதும் உண்டு. கனமான, நீண்ட இழுப்பே இவற்றுக்கு எதிரான காவல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில விதி, சராசரி ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியாத கைத்துப்பாக்கிகளையே கடைகள் விற்கலாம் என்கிறது. அதற்கு அது ஏற்கும் வழிகளுள் ஒன்று, விசையின் கனம் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ இருப்பது. கீழே விழுந்தால் வெடிப்பது தனிச் சிக்கல். பழைய வடிவமைப்புகள் சிலவற்றில் சுத்தியலின் முனை தோட்டாவின் மீதே படிந்திருக்கும். அவற்றை வைத்திருப்போர் ஓர் அறையைக் காலியாக விட்டுவைப்பது பழைய பழக்கம். பிற்கால வடிவமைப்புகளில், விசை முழுவதுமாக இழுக்கப்பட்டாலன்றிச் சுத்தியலின் அடி தோட்டாவைச் சேராதபடி தடுப்பு அமைக்கப்படுகிறது.

எனவே கனம் குறையாகாது. குறை, கரடுமுரடு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே இத்துறையின் நெடுநாளைய நோய். ஐந்து கிலோ கனமுள்ள விசையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக, நெய்யில் வழுக்குவது போல வந்து விடுபட முடியும். அதே ஐந்து கிலோ நடுவழியில் அரைபட்டு, தடுக்கி, எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரியாமல் திடீரென்று அறுந்து விழவும் முடியும். முன்னது பாதுகாப்பு, பின்னதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. வேறுபாடு உள்ளுறுப்புகளின் பரப்புகள் எவ்வளவு நுணுக்கமாக இழைக்கப்பட்டுள்ளன என்பதில் இருக்கிறது. அதற்குக் கைத்தேர்ச்சியும் நேரமும் வேண்டும். வாங்குபவர் கேட்டு வற்புறுத்தவும் வேண்டும்.

கேட்க முடியாத வாடிக்கையாளர்

இந்திய வாடிக்கையாளர் வற்புறுத்தும் நிலையில் இருந்ததில்லை. ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., 38 போர் போன்றவை தடைசெய்யப்பட்ட வகைகள். குடிமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 32 போர். வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வது 1980-களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் வைத்ததே சட்டம். அவற்றின் 32 போர் ரிவால்வர், பிரிட்டனின் வெப்ளி நிறுவனத்தின் பழைய வடிவத்தை அடியொற்றியது. விசை கனம், சீரில்லை என்பது உரிமம் பெற்றோர் பலர் நீண்ட காலமாகச் சொல்லிவரும் குறை. போட்டியாளரே இல்லாத கடையில் குறைகேட்பார் யார்? பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறும்போது லட்சக்கணக்கில் விலைபோவதன் காரணம் வெறும் மோகம் அல்ல.

நிலைமை மாறத் தொடங்கியது 2020-ஐ ஒட்டித்தான். உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் வெப்ளி நிறுவனமே இந்தியக் கூட்டாளியுடன் 32 போர் ரிவால்வர் உற்பத்தியைத் தொடங்கியது. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' ரிவால்வரை வெளியிட்டது. குழாய் நீளம் 76 மி.மீ.; எடை சுமார் 700 கிராம்; 50 மீட்டர் வரை குறி எட்டும் என்றார்கள். விசையை இழுப்பது எளிது, ஆகவே பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது. அரசின் துப்பாக்கி அறிமுகத்தில் விசைக்கு ஒரு வாக்கியம் கிடைத்ததே முன்னேற்றம்தான். ஆனால் 'எளிது' என்பது எத்தனை கிலோ? மேலே சொன்ன அதே கணக்கின்படி, முன்முனையின் ஒரு மில்லிமீட்டர் விலகல் 50 மீட்டரில் அரை மீட்டர் பிழையாகும்.

கனமான விசைக்குப் பயிற்சியே மாற்று என்பதற்கும், பயிற்சி பெற்றவரும் தடுமாறுவார் என்பதற்கும் நியூயார்க் நகரக் காவல் துறை சான்று. விபத்துகளுக்கு அஞ்சி அத்துறை தன் கைத்துப்பாக்கிகளின் விசையை 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ அளவுக்குக் கனமாக்கி வைத்திருந்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே ஒரு கொலையாளியை நோக்கிக் காவலர் இருவர் 16 முறை சுட்டனர். கொலையாளி மாண்டார். தெருவில் நின்ற 9 பேர் காவலரின் குண்டுகளாலும் சிதறல்களாலும் காயமுற்றனர். கூட்டமும் நெருக்கடியும் அதற்குக் காரணங்கள்தாம் என்றாலும், கனமான விசை பற்றிய விவாதம் அன்று முதல் ஓயவில்லை. 2021-இல் புதிதாகச் சேரும் காவலர்களுக்கு இலகுவான விசையைத் தர அத்துறை முடிவெடுத்தது.

இங்கே விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் ஏற்பாடு தற்காப்புக்காரருக்கு இல்லை என்பது விந்தை. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் விசையின் கனம் ஒரு கிலோவுக்கும், 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் போட்டியில் 500 கிராமுக்கும் குறையக் கூடாது. எடையைத் தொங்கவிட்டு அதைச் சோதிப்பார்கள். அட்டையில் துளையிடும் கருவிக்கு இத்தனை கவனம். மனிதர் மீது நீட்டப்படக்கூடிய கருவியை வாங்குபவர் அறிவதோ, விலை, எடை, உறையின் நிறம். விற்பனைக்கு முன் நடக்கும் அழுத்தச் சோதனை குழாயும் தோட்டா அறையும் வெடிவிசையைத் தாங்குமா என்று பார்ப்பது. விரலுக்கும் விசைக்கும் உள்ள உறவு அதன் கவலை அன்று.

2016 இறுதி நிலவரப்படி நாட்டில் 33.69 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்ததாக உள்துறை அமைச்சகத்தின் கணக்கு கூறியது. அவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துக்குச் சற்று மேல். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்கின்றன. கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, வைப்பு எல்லாம் அதில் அடக்கம். அதற்கு முன் உரிமம் பெற்ற லட்சக்கணக்கானோர் அந்தப் பயிற்சி இல்லாமலே வாங்கியவர்கள். வாங்கிய பிறகு பழகலாம் என்றால், உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா கிடையாது. சுட்டுப் பழகும் களம் பெரும்பாலான மாவட்டங்களில் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. ஆகவே அலமாரியில் இருக்கும் அந்த ரிவால்வரின் விசை எவ்வளவு கனம், எங்கே தடுக்கும், எந்த இடத்தில் விடுபடும் என்பதை அதன் உடைமையாளர் முதன்முதலாக அறியப்போவது நள்ளிரவில், கதவுக்கு வெளியே சத்தம் கேட்கும்போதுதான்.