இசைத் தயாரிப்பில் ஒலிக் கால நீட்சி மென்பொருள்கள்: முறைகளும் தேர்வும்

ஆய்வுச்சுருக்கம்

ஒலிப்பதிவின் சுருதியை மாற்றாமல் அதன் கால அளவை மட்டும் நீட்டுவதோ சுருக்குவதோ கால நீட்சி எனப்படும். எல்லா வகை ஒலிக்கும் ஒருசேரப் பொருந்தும் மென்பொருள் இல்லை. அடிப்படை முறைகளையும் தேர்வுக்கான அளவுகோல்களையும், இசைப்பதிவுகளை ஆய்வோர் மேற்கொள்ள வேண்டிய சரிபார்ப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கால நீட்சி, சுருதி, சட்டகம், ஒலிப்பதிவு, இசை ஆய்வு

முன்னுரை

ஒலிநாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் கால அளவு பாதியாகும். சுருதியும் ஒரு ஸ்தாயி உயரும். நிமிடத்திற்கு 100 தட்டு வேகத்தில் பதிவான பாடலை இவ்வாறு 120 தட்டுக்கு உயர்த்தினால், பாடகரின் குரல் மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்று மேலாக ஏறிவிடும். காலத்தையும் சுருதியையும் பிரித்துக் கையாள வேண்டிய தேவை இங்குதான் எழுகிறது.

இருவகை முறைகள்

முதல் வகை, அலைவடிவைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்குவது. 1993இல் வெர்ஹெல்ஸ்ட், ரோலண்ட்ஸ் ஆகியோர் முன்வைத்த டபிள்யூசோலா முறை, அலைவடிவம் ஒத்திருக்கும் இடத்தைத் தேடி இணைக்கிறது. தனிக்குரலுக்கும் பேச்சுக்கும் இது ஏற்றது. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கையில் அனைத்திற்கும் பொருந்தும் இணைப்பிடம் கிடைப்பது அரிது. நீட்டும்போது ஒரே பகுதி இருமுறை இடம்பெற நேர்வதால் ஒரு மிருதங்க அடி ஈரடியாகக் கேட்கவும் கூடும்.

இரண்டாம் வகை ஃபேஸ் வோகோடர். பெல் ஆய்வகத்தின் ஃபிளானகன், கோல்டன் ஆகியோர் 1966இல் இதனை வெளியிட்டனர். ஒலியை அதிர்வெண் கூறுகளாகப் பகுத்து மீண்டும் தொகுப்பதால் பல சுரங்கள் கலந்த இசைக்கு இது பொருந்தும். எனினும் கூறுகளுக்கிடையேயான கட்ட உறவு குலைந்தால் குரல் தொலைவில் ஒலிப்பதுபோல் மங்கும். தாள அடிகளின் கூர்மை கரையும். 1999இல் லாரோஷ், டால்சன் ஆகியோர் இக்குறையைக் குறைக்கும் வழிகளை முன்வைத்தனர்.

சட்டக நீளத்தின் சிக்கல்

நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் 4,096 மாதிரிகள் அடங்கிய சட்டகம் ஏறத்தாழ 93 மில்லிநொடி நீளமுடையது. அது ஏறத்தாழ 11 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அதிர்வெண்களைப் பகுக்கும். நிமிடத்திற்கு 80 தட்டு வேகத்தில், தட்டுக்கு எட்டு அடிகள் வீதம் மிருதங்கம் வாசிக்கப்பட்டால் அடிகளுக்கிடையே உள்ள நேரம் 94 மில்லிநொடி. ஆகவே அத்தகைய சட்டகத்தில் ஓரடி அடுத்த அடியோடு குழம்ப இடமுண்டு. சட்டகத்தை 1,024 மாதிரிகளாகக் குறைத்தால் அடிகள் தெளியும். ஆனால் அதிர்வெண் இடைவெளி 43 ஹெர்ட்ஸாக அகன்று, தாழ்ந்த சுரங்கள் தெளிவிழக்கும். மென்பொருள்களின் தரவேறுபாடு பெரும்பாலும் இம்முரணை அவை கையாளும் விதத்தைப் பொறுத்தது.

மென்பொருள்களும் தேர்வும்

ரப்பர் பேண்ட், திறந்த மூல உரிமத்திலும் வணிக உரிமத்திலும் கிடைக்கிறது. இசட்பிளேன் நிறுவனத்தின் எலாஸ்டிக் பல வணிக மென்பொருள்களில் உள்ளடக்கப்பட்டுள்ளது. சவுண்ட்டச் முதல் வகையைச் சார்ந்தது. கணினிக்குச் சுமை குறைவு. பால்ஸ்ட்ரெச், பல மடங்கு நீட்டிப் புதிய ஒலிப்பரப்பை உருவாக்குவதற்கானது. வேகத் திருத்தத்திற்கு உரியதன்று. ரீப்பர் மென்பொருளில் முதல் மூன்றும் தெரிவுகளாக இருப்பதால் ஒரே பதிவை மூன்றிலும் ஒப்பிட இயலும்.

ஒப்பீட்டிற்குத் தனிக்குரல், தாளக்கருவி, கூட்டிசை என மூன்று மாதிரிகள் தேவை. ஒவ்வொன்றையும் 90, 110, 150 விழுக்காடு அளவுகளில் நீட்டிச் சுருக்கி, அடியின் கூர்மை, குரலின் இயல்பு நிறம், இடவலச் செவியுணர்வு ஆகியவற்றை நோக்க வேண்டும். சுருக்கப்படாத மூலப்பதிவே பயன்படுத்தப்பட வேண்டும். எம்பி3 கோப்பில் ஏற்கெனவே உள்ள சிதைவுகள் நீட்சியில் மேலும் புலப்படும்.

ஆய்வாளருக்கான சரிபார்ப்பு

களப்பதிவுகளை இருமடங்கு நீட்டிக் கேட்டுச் சுரக்குறிப்போ தாளக்குறிப்போ எழுதும்போது, மென்பொருள் உண்டாக்கிய அடியைக் கலைஞர் வாசித்த அடியாகக் கொள்ளும் இடர் உண்டு. இதற்கு எளிய மாற்றுச்சோதனை, அதே பகுதியைச் சுருதியும் தாழுமாறு அரை வேகத்தில் இயக்கிக் கேட்பதாகும். அம்முறையில் துண்டுகளை வெட்டி அடுக்குதல் நிகழாததால் அடிகள் பெருகுவதில்லை. நீட்டிய பதிவில் மட்டும் கேட்கும் அடி மென்பொருளின் விளைவே எனக் கொள்ளலாம். கமகத்தின் அசைவு வேகமும் நீட்சியில் பாதியாவதால் அதனை மூல வேகத்திலேயே மதிப்பிட வேண்டும்.

முடிவுரை

தனிக்குரலுக்கு முதல் வகையும், கூட்டிசைக்கு மேம்படுத்தப்பட்ட இரண்டாம் வகையும் பொதுவாகப் பொருந்தும். எனினும் இறுதித் தேர்வு விலையையோ பெயரையோ சாராமல், கையாளப்படும் ஒலியைக் கொண்டு செய்யப்படும் ஒப்பீட்டைச் சார்ந்தே அமைய வேண்டும். ஆய்வேடுகளில் மென்பொருளின் பெயர், பதிப்பு, நீட்சி அளவு ஆகிய மூன்றையும் குறிப்பிடுவது பிறர் முடிவுகளைச் சரிபார்க்க வழிசெய்யும்.