விளைவிக்கக் கற்றோம், விற்கவும் கற்போம்

வேப்பம்பட்டில் திருவள்ளூர் பக்கமாக மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் செவ்வாப்பேட்டை. அதையொட்டிய திரூரில், நாடு விடுதலை அடையும் முன்பே தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'டி.கே.எம்.' என்று தொடங்கும் நெல் ரகங்கள் திரூர்க்குப்பத்தின் பெயரைத் தாங்கியவை. ஒரு காலத்தில் தமிழக வயல்களில் பரவிக் கிடந்த ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. விளைவிக்கும் அறிவுக்கு இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக ஒரு வீடு இருக்கிறது. ஆனால் விளைந்ததை எங்கே, எப்போது, யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்பதை அதே பொறுமையோடும் செலவோடும் நாம் யாருக்கும் கற்பிக்கவில்லை. விவசாயியின் இழப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்றின்படி, தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது 33 பைசா. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 பைசா. மீதி முழுவதும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஏற்றுக்கூலி, லாரி வாடகை, அழுகல், மண்டிக் கமிஷன், கடைக்காரரின் உழைப்பு எல்லாம் அதில் அடக்கம். அந்த வேலைகளில் சிலவற்றையாவது விவசாயிகள் தாங்களே செய்தால் அந்தப் பங்கு அவர்களுக்கு வரும். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலத்தை வைத்துக்கொண்டு தனி ஒருவர் குளிர்பதனக் கிடங்கு பேச முடியாது. அதற்காகத்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வந்தன. அவற்றுக்கு 2002-இல் சட்டம் வழிவிட்டது. 2020-இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 300 விவசாயிகள் சேர்ந்தால் ஒரு நிறுவனம். பதிவு செய்வது எளிது. அதை நடத்துவது யார்?

பொதுவான எம்.பி.ஏ. படித்தவர் போதாதா என்று கேட்கலாம். போதாது. சரக்கு தேங்கினால் தொழிற்சாலை இயந்திரத்தை நிறுத்திக்கொள்ளும். பூத்த மல்லிகையை நிறுத்த முடியாது. கீரைக்கு ஒரு நாள்தான் ஆயுள். நெல்லுக்கு ஈரப்பதம் விலையைத் தீர்மானிக்கிறது. கிடங்கு ரசீதை வைத்துக் கடன் வாங்குவது, தரம் பிரிப்பது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் கோயம்பேட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கணக்கிடுவது, நூற்றுக்கணக்கான சிறு பங்குதாரர்களுக்கு மனம் கோணாமல் கணக்குச் சொல்வது என்று எல்லாமே தனிப் பயிற்சி கேட்கும் வேலைகள். மண்டிக்காரர்கள் படித்தா வந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அவர்களுடைய அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் அது அவர்களின் கல்லாவுக்கு உழைக்கும் அறிவு; விவசாயிக்கு அவர் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசும் ஆள் வேண்டும்.

அமுல் அப்படித்தான் வளர்ந்தது. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு அமைத்தார்கள். உடைமை அவர்களிடமே இருந்தது. படித்த ஒருவரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்ற வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். பொறியாளரே சாதித்தபோது தனிப் படிப்பு எதற்கு என்றால், குரியனே அதற்குப் பதில் சொல்லிவிட்டார்: ஊருக்கு ஊர் இன்னொரு குரியனுக்காகக் காத்திருக்க முடியாது என்பதால்தானே 1979-இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகத்தை நிறுவினார்? ஐதராபாத்தின் 'மேனேஜ்' நிறுவனமும், கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இன்று வேளாண் வணிக மேலாண்மையைக் கற்பிக்கின்றன.

படித்தவர்கள் உரக் கம்பெனிக்கும் வங்கிக்கும் போய்விடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. 2020 திட்டம் உழவர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்குத் தரும் ஊதிய உதவி மாதம் அதிகபட்சம் 25,000 ரூபாய். அதுவும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். வேளாண் வணிகப் பட்டதாரியை அந்தத் தொகையில் கிராமத்தில் நிறுத்துவது கடினம். ஊதியம் உயர வேண்டும். கூடவே, ஊரைவிட்டுப் போகாத விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே படிப்பு கிடைக்க வேண்டும். வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் வயல்களே மனைகளாகிவிட்டனவே என்றால், அந்த மனைகளில் குடியேறியவர்களுக்கும் தினமும் காய்கறி வேண்டும். வாங்குபவர்கள் இவ்வளவு அருகில் இருப்பது திருவள்ளூர் மாவட்ட விவசாயிக்குக் கிடைத்த வரம். அதைக் காசாக்கும் திறமைதான் குறைவு.

எனவே அரசுக்கு ஒரு கோரிக்கை. உழவர் நிறுவனங்களை இப்போது நடத்திக்கொண்டிருப்பவர்களும் வேலையை விடாமல் படிக்கும்படி, வேளாண் வணிக மேலாண்மையில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றைத் திரூர் போன்ற ஆராய்ச்சி நிலையங்களிலேயே தமிழில் தொடங்குங்கள். விதை தந்த இடமே விலையையும் கற்றுத் தரட்டும்.