மறைந்துபோகும் முதற்பதிப்பு

நாவலாசிரியர் ஒருவர் தம் நூலைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் நமக்கு உவப்பளிக்காவிடின் நாம் இழப்பது யாதொன்றுமில்லை. முதற்பதிப்பு நம் அலுமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. பாடபேதம் பற்றி அறிஞர் வாதிடுவதும் இரு பாடங்களும் கைவசம் இருப்பதனாலன்றோ? ஆனால், புதிய பதிப்பு வெளிவந்த அன்றிரவே உலகிலுள்ள பழைய பிரதிகள் யாவும் தாமாகவே மாறிவிடுமாயின் வாசகர் நிலை என்னாகும்?

இணையவழிப் பாத்திர விளையாட்டுக்களில் ஈடுபட்டோர் இந்நிலையிலேயே இருக்கின்றனர். பல்லாயிரவர் ஒரே வேளையில் ஒரு கற்பனை உலகினுட் புகுந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு, போரோ வாணிகமோ கைத்தொழிலோ செய்து ஆண்டுக்கணக்காக வாழும் விளையாட்டுக்கள் இவை. அவ்வுலகம் ஆடுவோர் வீட்டில் இல்லை. அதனை ஆக்கிய கொம்பனியின் கணினிகளில் இருக்கின்றது. கொம்பனி அதை விற்பனைக்குரிய புதிய பகுதிகளால் விரிவாக்கும். இடையிடையே திருத்தவும் செய்யும். திருத்தினால் எல்லோர்க்கும் திருந்திவிடும். வேண்டாம் என்பார்க்கு வெளியேறுவதைத் தவிர வழியில்லை.

இதிலே மனக்கசப்பு எத்துணை ஆழத்திற்குச் செல்லும் என்பதைக் காட்ட 'ஸ்டார் வார்ஸ் கலக்ஸீஸ்' என்ற விளையாட்டின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. அமெரிக்காவில் சோனி ஒன்லைன் என்டர்டெயின்மன்ட் கொம்பனி ஆக்கிய அவ்விளையாட்டு 2003 யூன் மாதத்தில் வெளிவந்தது. புகழ்பெற்ற திரைப்படமொன்றின் உலகில் அமைந்ததாயினும், அங்கு வீரனாக மட்டுமே வாழவேண்டும் என்ற நியதி இருக்கவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் இருந்தன. தையற்காரர், சமையற்காரர், கட்டடக் கலைஞர், விலங்குகளைப் பழக்குவோர் எனப் பலர் வாழ்ந்தனர். போரிற் களைத்து வந்தவனின் மனச்சோர்வைத் தீர்க்கும் ஆற்றல் மதுச்சாலையில் ஆடும் நடனக் கலைஞருக்கும் இசைக் கலைஞருக்குமே அளிக்கப்பட்டிருந்தது. ஆயுதங்கள் பாவிக்கப் பாவிக்கத் தேய்ந்தமையால் கைவினைஞரின்றி வீரர் இயங்க முடியாது. ஆடுவோரே நகரங்களை அமைத்தனர்; வாக்களித்து நகரபிதாவைத் தெரிந்தெடுத்தனர். துப்பாக்கியைத் தொடாமலே ஒருவர் அவ்வுலகில் நன்மதிப்புப் பெறலாம். இவ்வகை விளையாட்டுக்களில் அஃது இன்றும் அரிய பண்பே.

2005 ஏப்பிரலில் போர்முறை திருத்தப்பட்டது. முறுமுறுத்தவர்கள் பலர். எனினும் அதே ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி ஒரு விரிவாக்கம் விற்பனைக்கு வந்தபோது வாங்கவே செய்தனர். அதற்குரிய பணம் கைமாறிச் சில நாட்கள்தாம் சென்றிருக்கும். முழு விளையாட்டையும் மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. நவம்பர் 15இல் மாற்றியும் விட்டனர். முப்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. விலங்கு பழக்குவோர் என்ற தொழில் இல்லாதொழிந்தது. நெடுங்காலம் பாடுபட்டவர்களே எய்தத்தக்கதாயிருந்த 'ஜெடாய்' நிலையை, நேற்று வந்தவர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று. இம்மாற்றத்துக்கு இடப்பட்ட பெயர் 'மேம்பாடு' என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

எழுந்த கண்டனத்தைக் கண்டு கொம்பனி விரிவாக்கத்துக்குப் பெற்ற பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. தையற்கடை நடத்திய இரண்டாண்டு உழைப்பு எவ்வாறு திருப்பித்தரப்படும்? சென்றவர் பலர் மீளவில்லை. 2011 டிசம்பர் 15இல் அவ்வுலகம் மூடப்பட்டது. அதனை 2005இன் மாற்றங்களுக்கு முன்னிருந்த வடிவிலே தம் சொந்த முயற்சியால் மீளக்கட்ட முயன்ற ஆர்வலர் குழுவும் உண்டு.

கொம்பனியின் பக்கம் நியாயமே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராவ்ட்' பெருந்திரளான மக்களை ஈர்த்தது. சிக்கல் மிகுந்த பழைய விளையாட்டுக்களுக்குப் புதியவர்கள் வருவது அரிதாயிற்று. மேலும், பழையவர் சேர்த்த செல்வமும் ஆயுதமும் புதியவர் முன் மதிலாக நிற்கும். 2007 ஜனவரியில் 'வோர்கிராவ்ட்' தன் முதல் விரிவாக்கத்தை வெளியிட்டு, உச்சநிலையை 60இலிருந்து 70ஆக உயர்த்தியபோது அம்மதில் இடிக்கப்பட்டது. நாற்பது பேர் கூடி, வாரக்கணக்காகப் போராடிப் பெற்ற ஆயுதங்களை, புதிய நிலப்பரப்பில் தனியாள் செய்யும் எளிய பணிகளுக்குக் கிடைத்த பரிசுகள் விரைவிலே விஞ்சின. பெற்றவர் வருந்தினர், பெறாதவர் மகிழ்ந்தனர். இதனை அநீதி என்று நான் கொள்ளமாட்டேன். மேலே ஒரு மாடி கட்டப்பட்டது. கீழ்வீடு இருந்தபடியே இருந்தது. 'கலக்ஸீஸ்' விடயத்திலோ அத்திவாரமே பெயர்க்கப்பட்டது.

மாடி கட்டுவதிலும் பிழை நேரலாம். அதே 'வோர்கிராவ்ட்' 2014 நவம்பரில் வெளியிட்ட விரிவாக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோட்டையொன்று வழங்கிற்று. தேவையானவை யாவும் கோட்டைக்குள்ளேயே கிடைத்தமையால் மக்கள் கூடிய நகரங்கள் வெறிச்சோடின. பல்லாயிரவர் கூடிவாழும் உலகம் என்பதற்காகவே சந்தா செலுத்தியவர்கள் தத்தம் கோட்டையிலே தனித்திருந்தனர். தொடக்கத்தில் ஒரு கோடியைத் தாண்டியிருந்த சந்தாதாரர் தொகை 2015 யூன் முடிவில் 56 இலட்சமாகியது.

விளையாடுவோர் பழமையை விடாப்பிடியாகப் பற்றுபவர். எது வந்தாலும் குறைகூறுவர் என்பது ஆக்குவோர் தரப்பில் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. இதற்கு மறுமொழி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் கொம்பனியின் 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டிலிருந்து கிடைக்கின்றது. 2012 நவம்பரில் அதன் போர்முறை முற்றாக மாற்றப்பட்டது. வழக்கம்போற் கண்டனமும் எழுந்தது. ஆனால் இங்கு ஓர் அதிசயம் நிகழ்ந்தது. 2007 ஆகஸ்டில் இருந்தவாறே அவ்வுலகத்தின் பிரதியொன்று கொம்பனியின் சேமிப்பில் அகப்பட்டது. செல்லரிக்காத ஏட்டுச்சுவடி கிடைத்தாற்போல! அதனைத் திறக்கலாமா என்று ஆடுவோரையே வாக்களிக்கச் செய்தனர். 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் சேர்ந்தன. 2013 பெப்ரவரி 22இல் பழைய உலகம் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற பெயரில் திறக்கப்பட்டது.

அங்கு குடியேறியோர் எதையும் மாற்றவிடாமல் உறைந்திருக்கவில்லை. புதியன எவையாயினும் முதலில் வாக்கெடுப்புக்கு வரவேண்டும். 75 சதவீதத்தினர் இசைந்தாலே நிறைவேறும் என்ற விதி வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் அது 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய தீவுகளும் நாடுகளும் அவ்வாறே சேர்க்கப்பட்டன. புதிய திறன் ஒன்றைச் சேர்ப்பதில் மட்டும் அவர்கள் எளிதில் இணங்கவில்லை. கடலோடுந் திறன் 2015இல் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. 2019இல் வேறொரு திறனும் தோற்றது. 2023இல் கடலோடுந் திறன் மீண்டும் கொண்டுவரப்பட்டு இசைவு பெற்றது. எட்டாண்டுகளுக்கு முன் வேண்டாமென்றவர்களிற் சிலரேனும் இம்முறை ஆமென்று வாக்களித்திருப்பர் என்று எண்ண இடமுண்டு. அதன் வடிவம் பற்றிய கேள்விகளும் படிப்படியாக ஆடுவோர்முன் வைக்கப்பட்டன. 2025 நவம்பரிலே அவ்வுலகத்துக் கப்பல்கள் கடலில் இறங்கின.