கணக்குக் காட்டாதவருக்கு ஊர்ச்சபையில் இடமில்லை! - உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். இதன் சுவர்களில் ஊர்ச்சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் எழுதப்பட்டவை. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த குடவோலை முறை இதுதான்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைக்க முடியாது! அவர் வாசித்த பெயரை, அங்கிருக்கும் மற்றவர்களும் வாசிக்க வேண்டும். சிறியவர், பெரியவர் என்று சபையே கூடியிருக்க, எல்லாம் வெளிப்படையாக நடந்தது.

இன்னொரு விதி இன்னும் கறார். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை.

ஆனால், அந்தச் சபை எல்லோருக்குமானது அல்ல. அது பிராமணர்களின் சபை. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எனப் பல தகுதிகள் வேண்டும். பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கே குரல் இல்லை.

இன்றைய கிராம சபையில் அந்தத் தடை இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே போதும், அவர் உறுப்பினர். உத்திரமேரூர் இப்போது பேரூராட்சி. சுற்றியுள்ள ஊராட்சிகளில், தமிழ்நாட்டின் மற்ற ஊராட்சிகளைப் போலவே, குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாள்களில் கிராம சபை கூடுகிறது.

சட்டம் திறந்த கதவைச் சாதி அடைத்த கதையும் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால், 1996-லிருந்து பத்து ஆண்டுகள் அங்கே யாரும் தலைவராக நிலைத்து இருக்க முடியவில்லை. 2006-ல்தான் நிலைமை மாறியது.

கண்ணுக்குத் தெரியாத தடைகளும் இருக்கின்றன. 'கேட்டால் நாளைக்கு நம் வேலை நடக்குமா?' என்ற பயம். 'நமக்கெதுக்கு வம்பு?' என்ற ஒதுங்கல். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டதும் கிளம்பிவிடும் அவசரம்.

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு கிராம சபையில்தான் வைக்கப்படுகிறது. தெருவிளக்குக்கு எவ்வளவு செலவானது, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு என்று கேட்பது சண்டை அல்ல, உரிமை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியையாவது கொண்டு போங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துச் செல்லுங்கள்!