முந்திக்கொள்ளும் பூசணம்

பயிரைத் தாக்கும் நோய்களுள் பெரும்பாலானவை பூசணங்களால் விளைபவை. ஆகையால், பூசணம் என்ற பெயரைக் கேட்டவுடனே அதை ஒழிக்கும் மருந்தை உழவர் தேடுவது இயல்பே. ஆயினும் அந்தக் குலத்திலேயே, தன் இனத்தாரை அடக்கிப் பயிரைக் காக்கும் ஜீவன்களும் உண்டு என்பதும், அவற்றின் சக்தியில் பெரும்பகுதி எதிரிக்கு முன்னதாக இடம் பிடித்துக்கொள்வதில் அடங்கியிருக்கிறது என்பதும் சென்ற நூற்றாண்டில் விஞ்ஞானம் தெளிவாகக் கண்ட உண்மைகள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், ரிவர்சைடு நகரத்து எலுமிச்சை இன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் வைண்ட்லிங் என்பவர், நாற்றுக்களை அழுகச் செய்யும் ரைசாக்டோனியா என்னும் மண்பூசணத்தின் இழைகளை, டிரைக்கோடெர்மா என்ற மற்றொரு மண்பூசணம் சுற்றிப் பின்னிக்கொண்டு, உள்ளே புகுந்து அழிப்பதைக் கண்டு 1932-இல் வெளியிட்டார். அது எதிரியைக் கொல்லும் விஷப்பொருள் ஒன்றையும் சுரக்கிறது என்று 1934-இல் அவரே அறிவித்தார். எதிரியின் இழைச்சுவரில் உள்ள கைட்டின், குளுக்கான் ஆகியவற்றைக் கரைக்கும் நொதிகளை டிரைக்கோடெர்மா வெளியிடுகிறது என்பதையும், வேரின் வெளித் திசுக்களில் குடியேறிச் செடியின் தற்காப்பு சக்தியைத் தூண்டிவிடுகிறது என்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் புலப்படுத்தின. வேரில் தங்கும் பூசணத்தால் சிற்சில வேளைகளில் இலைநோயும் குறைவது இந்தத் தூண்டுதலின் பயனே.

இத்தனை ஆயுதங்கள் இருந்தும், ‘பந்திக்கு முந்து’ என்னும் பழமொழியே பயிர் காக்கும் பூசணங்களின் வெற்றிக்குச் சிறந்த விளக்கம். இங்கிலாந்தின் பைன் காடுகளில் மரங்களைக் கழித்து வெட்டும்போது, புதிதாய் வெட்டுண்ட அடிமரத்தின்மேல் போமெஸ் என்ற பூசணத்தின் வித்துக்கள் காற்றில் வந்து விழுந்து, வேர்வழியே இறங்கி, வேரோடு வேர் தொட்டு நிற்கும் அயல்மரங்களுக்கும் அழுகலைப் பரப்பி வந்தன. கேம்பிரிட்ஜ் தாவரவியலறிஞர் ஜான் ரிஷ்பெத், உயிருள்ள பைன் மரத்துக்குத் தீங்கு செய்யாமல் வெட்டுண்ட மரத்தை மட்டும் உண்டு வாழும் பெனியோபோரா என்னும் பூசணத்தின் வித்துக்களை, வெட்டிய உடனே அடிமரத்தில் தடவினால், அது மரத்தைத் தனதாக்கிக்கொண்டு, பின்னர் வரும் போமெஸுக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது என்று நிரூபித்தார். 1963-இல் வெளியான இந்த முறை இன்று வட ஐரோப்பியக் காடுகளிலும் பரவியிருக்கிறது. மரத்தை அறுக்கும் இயந்திரமே அறுத்த கணத்தில் வித்துக் கரைசலைத் தெளித்துவிடுகிறது.

நம் நாட்டில் பயறு வகைகளின் வேரழுகலுக்கு எதிராக, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யவும், ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்துடன் சேர்த்து மண்ணில் இடவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்வதன் தத்துவமும் இதுவே. விதையோடு மண்ணுக்குள் செல்லும் பூசணம், வேர் வெளிப்படும்போதே அதன்மேல் படர்ந்து கொள்கிறது; தொழுவுரமோ அதற்கு ஆகாரமாகிறது. நிலத்தில் ஈரமும் அங்ககப் பொருளும் இல்லாவிடில், எவ்வளவு இட்டாலும் அது பெருகுவதற்கு வழியில்லை.

வாடிய செடியைப் பிழைக்கவைக்கும் சாமர்த்தியம் டிரைக்கோடெர்மாவுக்கு இல்லை. ரசாயனப் பூசணக்கொல்லியோடு ஒன்றாகக் கலந்தால், நோய்ப் பூசணத்தைக் கொல்லும் மருந்து இதனையும் கொல்லக்கூடும். வெயிலில் கிடந்த பொட்டலத்திலும், காலாவதியான பொட்டலத்திலும் எஞ்சுவது பெரும்பாலும் பூசணத்தைத் தாங்கிவரும் டால்க் மாவு மட்டுமே. காளான் வளர்ப்போருக்கோ இதே டிரைக்கோடெர்மா, படுக்கைகளைப் பச்சை நிறமாக்கி நாசம் செய்யும் சத்துரு. வயலில் நோய்ப் பூசணத்தை அடக்கும் அதே குணம், குடிலில் நாம் விரும்பி வளர்க்கும் பூசணத்தையும் அடக்கிவிடுகிறது.

ஆகவே இதைக் கடையில் வாங்கும் மருந்தாகக் கருதாமல், நாமே வயலில் குடியேற்றும் ஓர் உயிராகக் கருதுவதே விவேகம். மருந்துக்கு நோய் வந்தபின் வேலை; இந்த உயிருக்கு நோய் வருமுன்னரே வேலை. விதைப்பதற்கு முன்பே இதை நினைத்துக்கொள்ளும் உழவருக்கே இதன் பயன் முழுமையாகக் கிட்டும்.